வழியா, வேரா?

சித்திரபுரத்தில் எங்கள் அலுவலகம் என்பது ஒரு பழைய வீட்டின் முன்னறைதான். எதிரே மின்வாரியக் குடியிருப்பு. கோயம்புத்தூரில் சில வருடம் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் மலைக்கே திரும்பி வந்து நான் தொடங்கிய இடம். ஹோம்ஸ்டேக்களுக்கும் ஜீப் சவாரிக்காரர்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்போம். உதவிக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு மழை நாளில் அந்தப் பெண் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். சாம்பல் நிற ஸ்வெட்டரின் கைகளை விரல் நுனிவரை இழுத்து விட்டிருந்தார்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றேன்.

"பூப்பாறை ரோட்ல இருந்து மேல ஏறுனா ஒரு எஸ்டேட்டு. அதுல மேல் டிவிஷன். டிவிஷன்ல மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி லயம். லயத்துல கடைசிக்கு முந்தின வீடு. அந்த வீட்ல ரெண்டாவது பிள்ளை நான்."

லயம் என்பது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பெயரை அதற்கப்புறம்தான் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார். "உங்களுக்கு மேல யாருண்ணே?"

"நான்தான் ஓனர். மேல யாருமில்ல."

"அதக் கேக்கல. உங்க அப்பா யாரு, எந்த எஸ்டேட்டுன்னு கேட்டேன்."

சொன்னேன். அப்பா வேலை பார்த்த ஃபேக்டரி, அவர் இருந்த குவார்ட்டர்ஸ், பிறகு இப்போதைய வீடு. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முடிந்ததும்தான் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

எதையும் நேராகப் போய்த் தொடமாட்டார். ஆரம்பத்திலிருந்து நடந்துதான் வருவார். குடை தொலைந்தால், காலையில் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து தொடங்குவார். புரோகிராமில் பிழை வந்தால், பிழை எந்த வரியில் என்று கணினியே சொல்லும். அந்த வரியைப் பார்க்கவே மாட்டார். முதல் வரியிலிருந்து வாசிப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் பிழை பெரும்பாலும் கணினி சொன்ன வரிக்கு வெகு மேலேதான் கிடந்தது.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு புது வேலை வந்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் குழு ஒன்று அந்தப் பக்கம் இயங்கியது. அதன் நர்ஸ் எங்களிடம் வந்தார். எஸ்டேட்டில் பிறந்து, கோட்டயம் பக்கம் நர்சிங் படித்தவர். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார்.

"புது டிரைவர் வந்தா வீடு கிட்ட மாட்டேங்குது. ரோகி எந்த லயம், எந்த வீடுன்னு போன்ல அடிச்சா வரணும். என்ன மருந்து, எப்படிப் போகணும், கடைசியா யாரு போய்ப் பாத்தா, எல்லாம் வேணும்" என்றார்.

நான் கோயம்புத்தூரில் பழகிய முறையில் தொடங்கினேன். வெப்சைட்டில் அடிக்கக்கூடிய முகவரிகள் என்னென்ன வடிவத்தில் இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. இந்த வடிவம் வந்தால் இந்தப் பக்கம், அந்த வடிவம் வந்தால் அந்தப் பக்கம். ஒவ்வொரு வடிவத்துக்கும் ரூட் என்று பெயர். ஆனால் எஸ்டேட்டுகள் ஒன்றுபோல இல்லை. ஒன்றில் டிவிஷன் உண்டு, இன்னொன்றில் இல்லை. ஒரு லயத்தில் வீடு, வீட்டுக்குப் பின்னால் இறக்கிய சாய்ப்பில் இன்னொரு குடும்பம். எழுத எழுத ரூட் பட்டியல் வளர்ந்துகொண்டே போனது.

"ரூட்ட எழுதிட்டேன், பாருங்க" என்றேன் ஒரு நாள்.

"எந்த ரூட்டுண்ணே? வழியா, வேரா?"

"வழிதான்."

"வழிய எழுதாதீங்க. வேர மட்டும் வைங்க. வழி தானா வரும்."

அவர் வெப்சைட் கட்ட உதவும் வேறொரு ஃபிரேம்வொர்க்கைக் கொண்டுவந்தார். அதில் முகவரிப் பட்டியல் கிடையாது. எல்லாமே ஆப்ஜெக்ட், கணினிக்குள் தனித்தனிப் பொருள். எஸ்டேட் ஒரு ஆப்ஜெக்ட், அதற்குள் டிவிஷன், அதற்குள் லயம், அதற்குள் வீடு, வீட்டுக்குள் ஆள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வேர். யாராவது ஒரு முகவரியை அடித்தால் ஃபிரேம்வொர்க் முதலில் வேரிடம் போகும். முகவரியின் முதல் துண்டைக் காட்டி, இந்தப் பெயரில் உன்னிடம் ஏதாவது உண்டா என்று கேட்கும். வேர் ஒரு எஸ்டேட்டை எடுத்துக் கொடுக்கும். அடுத்த துண்டை அந்த எஸ்டேட்டிடம் கேட்கும். இப்படி ஒவ்வொரு அடியாகக் கீழே இறங்கும். துண்டுகள் தீர்ந்துபோகும்வரை, அல்லது யாராவது 'என்னிடம் இல்லை' என்று சொல்லும்வரை. எங்கே நடை நின்றதோ அதுதான் நாம் தேடி வந்த இடம். அங்கே ஏற்காமல் மிஞ்சிய துண்டு, அந்த ஆளிடம் நாம் எதைப் பார்க்க வந்தோம் என்பதைச் சொல்லும். மருந்தா, போகும் பாதையா, கடைசியாக வந்தவரா.

டிவிஷன் இருந்தால் நடை அதன் வழியே போகும். இல்லாவிட்டால் எஸ்டேட்டிலிருந்து நேராக லயத்துக்குப் போகும். நான் பக்கம் பக்கமாக எழுதியது முழுக்கத் தேவையில்லாமல் போயிற்று.

இன்னொன்றையும் அவர் கவனமாகச் செய்தார். மேலே இருப்பது கீழே இருப்பதை வைத்திருக்கிறது என்பது மட்டும் போதாது. கீழே இருக்கும் ஒவ்வொன்றும் தன் பெயரையும், தனக்கு மேலே யார் என்பதையும் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் ஓர் ஆளிடமிருந்து வீடு, லயம், டிவிஷன் என்று மேலே ஏறிப் போக முடியும். யார் இந்தப் பக்கத்தைப் பார்க்கலாம் என்ற அனுமதிகூட அப்படித்தான். ஆளிடம் எழுதியிருக்காவிட்டால் வீட்டைக் கேட்கும், வீட்டிலும் இல்லாவிட்டால் லயத்தை, அப்படியே வேர்வரை.

"மேல இருந்து கூப்பிடவும் ஆள் வேணும், கீழ இருந்து கை தூக்கவும் ஆள் வேணும். ரெண்டுல ஒண்ணு போனாலும் ஆள் போச்சு" என்றார்.

வேலை முடிந்து நர்ஸ் தினமும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார். நோயாளிகளின் பெயர்கள் சேர்ந்துகொண்டே வந்தன. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. சாயங்காலம் அலுவலகத்தை மூடுவதற்கு முன்னால் ஒரு சின்ன புரோகிராமை ஓட்டுவார். அது வேரிலிருந்து புறப்பட்டு, எல்லா எஸ்டேட்டுக்குள்ளும் நுழைந்து, ஒருவரையும் விடாமல் பார்த்துவிட்டு வரும். எல்லா இணைப்பும் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். திரையில் ஒவ்வொரு பெயராக, அதன் முழு முகவரியோடு மெதுவாக ஏறும். அவரே அப்படி மெதுவாக்கி வைத்திருந்தார். கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு, உதட்டை அசைத்து, ஒவ்வொரு பெயரையும் சத்தமில்லாமல் படிப்பார்.

"ஏம்மா, இதத் தானா ஓடுற மாதிரி வச்சிரலாமே" என்றேன்.

"ஓடும்ணே. யாரு பாக்குறது?"

ஆப்ஜெக்ட்டுகளை அவர் பதிவுகள் என்று சொல்லவே மாட்டார். 'நிக்கிறாங்க' என்பார். இன்னார் அந்த லயத்தில் நிற்கிறார், இன்னார் வீடு மாறி இங்கே வந்து நிற்கிறார். முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு, யாருமில்லாத அறையில் அவர் அப்படிப் பேசுவதைக் கேட்டால் நான் வெளியே போய் நின்றுகொள்வேன்.

ஒரு சாயங்காலம் அந்தப் புரோகிராம் முடியவே இல்லை. கணினி சூடாகி இரைந்தது. நர்ஸ் கேட்டதற்காக, ஒவ்வொரு நோயாளியையும் பார்த்துக்கொள்பவர் யார் என்ற இணைப்பையும் அந்த வாரம் சேர்த்திருந்தோம். அதனால் நடை மேலிருந்து கீழே மட்டும் போகாமல் பக்கவாட்டிலும் போகத் தொடங்கியிருந்தது. ஒரு லயத்தில் நாத்தனாரும் அண்ணியுமாக இரண்டு விதவைகள். இவரைப் பார்த்துக்கொள்வது அவர் என்றும், அவரைப் பார்த்துக்கொள்வது இவர் என்றும் பதிவாகியிருந்தது. நடை இவரிடமிருந்து அவரிடம், அவரிடமிருந்து இவரிடம் என்று சுற்றிக்கொண்டே கிடந்தது.

சரிசெய்வது எளிது. ஒருமுறை பார்த்தவருக்கு ஓர் அடையாளம் போட்டுவிட்டால் மறுபடி அங்கே போகாது. அந்தப் பெண் அதைச் செய்தார். ஆனால் எழுந்து கிளம்பவில்லை.

"ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறாங்கன்னா, வெளிய இருந்து யாரும் பாக்கலண்ணே" என்றார். "சிஸ்டர்கிட்ட சொல்லுங்க."

மறுநாள் நர்ஸ் போய்ப் பார்த்தபோது இரண்டு பேருமே காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். ஒவ்வொருத்தியும் இன்னொருத்தி சமைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு. அன்றிலிருந்து நர்ஸ் அலுவலகத்துக்கு வந்தால் அந்தப் பெண்ணைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பார்.

அந்த வருடம் மழை விடவில்லை. போடிமெட்டுப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில், ஒரு லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. அங்கே இருந்த குடும்பங்களை ஒரே நாளில் கிளப்பி, வேறொரு டிவிஷனில் காலியாகக் கிடந்த குவார்ட்டர்ஸுக்கு மாற்றினார்கள். நர்ஸ் போனிலேயே அந்த லயத்தை வெப்சைட்டிலிருந்து எடுத்துவிட்டார். சில நாளில், மாறிப்போன நோயாளிகளைப் புது இடத்தில் ஒவ்வொருவராகச் சேர்த்தார்.

ஒரு லயத்தை எடுத்தால் அதற்குக் கீழே இருந்த வீடுகளும் ஆட்களும் நடையில் வரமாட்டார்கள். அழிந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. டேட்டாபேஸுக்குள் எங்கோ அப்படியே கிடப்பார்கள். கேட்டால் எனக்கு மேலே இன்ன வீடு, இன்ன லயம் என்று சொல்வார்கள். ஆனால் மேலிருந்து வருகிறவர்களுக்கு அவர்கள் இருப்பதே தெரியாது. இப்படிக் கிடப்பவற்றைக் கூட்டித் தள்ள ஒரு கட்டளை உண்டு. வேரிலிருந்து நடந்து போய்ச் சேர முடியாதது எல்லாம் அதற்குக் குப்பை. கணினியில் இடம் நிறைந்துவிட்டதால், நர்ஸ் சேர்த்து முடித்த அன்று சாயங்காலம் அதை ஓட்டிவிடலாம் என்றிருந்தேன்.

அவர் வழக்கம்போலப் பெயர்களைப் படித்து முடித்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

"இன்னிக்குக் கூட்ட வேண்டாம்ணே."

"ஏன்?"

"ஒருத்தர் வரல."

எடுத்த லயத்தின் பழைய நிலையைத் திறந்து காட்டினார். அதில் ஒருவர் இருந்தார். மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாத மனிதர். தனி ஆள். மற்ற எல்லோரும் புது இடத்தில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவர் மட்டும் இல்லை.

நர்ஸுக்குப் போன் செய்தேன். "அவரத் தம்பி வந்து போடிக்குக் கூட்டிட்டுப் போயாச்சுன்னு லயத்துக்காரங்க பறஞ்சாங்க" என்றார். தம்பியின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டு மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது. "தம்பி வரவே இல்லயாம். மழைல ரோடு அடைச்சிருந்துச்சு, எஸ்டேட் ஆளுங்களே அண்ணன மாத்திட்டாங்கன்னு நினைச்சானாம். அண்ணன் போன் சுவிட்ச் ஆஃப்."

எஸ்டேட் வாட்ச்மேனைப் பிடித்துக் கேட்டார். லயம் காலி, மேலே போகும் பாதையில் அந்த நேரத்தில் யானை நிற்கும் என்றார் அவர். வெளிச்சம் வந்ததும் நர்ஸின் ஜீப்பில் கிளம்பினோம். அந்தப் பெண்ணும் வந்தார். போடிமெட்டு நெருங்கும்போது டிரைவர், தேயிலைக்குள் குறுக்கே ஏறினால் சீக்கிரம் போகலாம் என்றான்.

"வேண்டாம். எஸ்டேட் கேட்டுக்குப் போங்க" என்றார் அவர். "அங்கிருந்து டிவிஷனுக்கு. அங்கிருந்து லயத்துக்கு."

டிரைவர் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். எஸ்டேட் கேட்டில் வாட்ச்மேன், மேலே ஒரு ஆளும் இல்லை என்று மறுபடி சத்தியம் செய்தார். டிவிஷன் ஆபீஸிலும் அதேதான். அந்தப் பெண் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, கேட்டு, ஏறிக்கொண்டார். திரும்பி வரும்போதுதான் பார்த்தோம், அந்தக் குறுக்குப் பாதை பாதியில் சரிந்து பள்ளத்தோடு போயிருந்தது.

லயத்தை மஞ்சு மூடியிருந்தது. போனவர்கள் கதவுகளைக் கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வரிசையாக இருட்டு வாசல்கள். ஒரு வீட்டில் மட்டும் கதவு இருந்தது. நாய் நுழையாமலிருக்க யாரோ வெளியே பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல்.

டிரைவர் கயிற்றை அறுத்தான். நாற்றம் முகத்தில் அடித்தது. தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த மனிதர் கிடந்தார். கையை ஊன்றி நகர்ந்து, பச்சரிசியை ஊறவைத்துத் தின்றிருக்கிறார். கண் திறந்திருந்தது. நர்ஸ் ஓடிப்போய் நாடியைப் பிடித்தார். அந்த மனிதர் நர்ஸைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"எங்க தாயி, இத்தன நாளாக் காணோம்?"

நர்ஸ் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"தெனமும் சாயங்காலம் வந்து வாசல்ல நிப்பியே. பேர் சொல்லிட்டுப் போவியே. லயம் காலியானதுல இருந்து நீயும் வரலையே தாயி."

"நான் இந்த லயத்துக்கு வந்ததே இல்ல மாமா" என்றார் அவர். குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

"காய்ச்சல். ஓர்மையில்லாம பேசுறார்" என்றார் நர்ஸ், என் பக்கம் திரும்பாமலே. இருக்கலாம். ஆனால் அந்த மனிதர் சொன்ன பழைய சாயங்காலங்களில் அவருக்குக் காய்ச்சல் இல்லை. அந்தச் சாயங்காலங்களில் எல்லாம் அந்தப் பெண் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதற்கு நானே சாட்சி.

போர்வையில் வைத்துத் தூக்கி ஜீப்பில் ஏற்றினோம். அடிமாலி ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து பிழைத்துக்கொண்டார். தம்பி வந்து காலடியில் உட்கார்ந்து அழுதார். பிறகு எஸ்டேட்டில் ஃபேக்டரிக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். அந்த முகவரியை அந்தப் பெண்ணே தன் கையால் வெப்சைட்டில் சேர்த்தார். அடுத்த தடவை அலுவலகத்துக்கு வந்த நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவருக்கு இப்ப காய்ச்சல் ஒண்ணும் இல்ல கேட்டோ. நல்ல ஓர்மை உண்டு. அந்தப் பிள்ளை மறுபடி வருதுன்னு சொல்றார்." உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "வேற ரெண்டு வீட்லயும் சொல்லியிருக்காங்க. நான் உங்ககிட்ட பறயல."

அந்தப் பெண்ணிடம் இதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தேன். சாயங்காலம் அவர் பெயர்களைப் படிக்கத் தொடங்கியதும், அவர் இங்கேதான் இருக்கிறாரா என்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன். இருந்தார். ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு, குளிருக்கு லேசாக நடுங்கிக்கொண்டு.

சில மாதம் கழித்து அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு பாலக்காட்டின் கிழக்கே, எருத்தேன்பதிப் பக்கம். தென்னந்தோப்பும் வயலும் உள்ள குடும்பம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லி ஒரு கம்பெனியும் கிடைத்துவிட்டது. கடைசி நாளன்று எல்லாவற்றையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு, எனக்கு அதிரசம் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்கால வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவர் போனதும் அந்தப் புரோகிராமைத் தானாக ஓடும்படி வைத்துவிட்டேன். தினமும் ஓடி, எல்லாம் சரி என்று ஒரு வரி அனுப்பும். நான் அந்த வரியைப் படிப்பதுகூட இல்லை. நர்ஸும் அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. எல்லாம் ஒரு கோளாறான காலம் என்று மனதை ஆற்றிக்கொண்டேன்.

ஒருமுறை காற்றில் மரம் விழுந்து நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. மறுநாள் அந்த வரி வரவில்லை. கையால் ஓட்டிப் பார்த்தேன். பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. எழுந்து டீ போடப் போயிருக்கலாம். போகவில்லை. எஸ்டேட், டிவிஷன், லயம், வீடு, ஆள். பாதியில்தான் கவனித்தேன், என் உதடு அசைந்துகொண்டிருந்தது. அடுத்த நாளும் கையாலேயே ஓட்டினேன். படிக்காமல் அலுவலகத்தைப் பூட்டினால் ராத்திரி சோறு இறங்கவில்லை.

கொஞ்ச நாளில் நர்ஸ் போன் செய்தார். சாதாரணமாகத்தான் பேசினார்.

"ஃபேக்டரிக்குக் கீழ ஒரு ஸ்ட்ரோக் ரோகி இருக்காரில்ல, அவரு பெண்டாட்டி கேட்டாங்க. நம்ம ஆபீஸ்ல இருந்து ஒரு ஆம்பள ஆளு தினமும் சாயங்காலம் வந்து வாசல்ல நிக்கிறாராம். உள்ள வாங்கன்னு கூப்பிட்டாலும் வரலயாம். கூச்சப்படாம வரச் சொல்லுங்கன்னு சொன்னாங்க. நீங்க யாரையாவது அனுப்புறீங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு எருத்தேன்பதிக்குப் போன் செய்தேன். அவர்தான் எடுத்தார். பின்னால் யாரோ மாட்டை அதட்டும் சத்தம். அந்த ஊர்ப் பேச்சு அவர் நாக்கில் ஒட்டியிருந்தது.

"சொல்லுங்கண்ணே. நல்லாருக்கீங்களா? அண்ணி, பிள்ளைக எல்லாம் சௌக்கியமுங்களா?"

நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். ஆச்சரியப்படுவார், அல்லது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றை மட்டும் கேட்டார்.

"உள்ள கூப்பிட்டாங்களாண்ணே?"

"ஆமா."

"என்னைய யாரும் உள்ள கூப்பிட்டதில்ல" என்றார். "போய்ட்டு வாங்கண்ணே."

மறுநாள் பகலில் நர்ஸின் ஜீப்பில் நானும் ஏறிக்கொண்டேன். அந்த வீட்டுக்கு அதற்குமுன் நான் போனதே இல்லை. வீட்டுக்காரம்மா வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் யாரென்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.